மைக்கில் விலை சொல்லாதவர்

எங்கள் மாமாவுக்கு வியாபாரம் தெரியாது என்று உறவுக்காரர்கள் சொல்வார்கள். அது அநியாயம். வாங்கியே தீருவேன் என்று கையில் காசோடு வந்த ஒருவரை, மனம் மாற்றி, தேத்தண்ணி கொடுத்து, வெறுங்கையோடு சிரிக்கச் சிரிக்கத் திருப்பி அனுப்புவதில் ஈப்போவிலேயே அவரை மிஞ்ச ஆள் இல்லை. கூடவே இருந்து பார்த்து வயிறெரிந்தவள் நான் சொல்கிறேன்.

மாமா என்றால் என் அக்காவின் கணவர். ஹாம் ரேடியோ செட்டு செய்து விற்றார். பாட்டுக் கேட்கிற பெட்டி என்று நினைத்துவிட வேண்டாம். அரசாங்கத்திடம் உரிமம் எடுத்து, கூரைமேல் கம்பி கட்டி, வீட்டில் உட்கார்ந்தபடியே இன்னோர் ஊர்க்காரரோடு பேசுகிற பெட்டி அது. பேசுவதற்கு விஷயம் இருக்க வேண்டும் என்ற கட்டாயமெல்லாம் கிடையாது. "நீ பேசுவது எனக்குக் கேட்கிறது, நான் பேசுவது உனக்குக் கேட்கிறதா" என்பதையே ஒரு மணி நேரம் பேசுவார்கள். ஒருவர் பேசி முடித்ததும் 'ஓவர்' என்பார், அதற்குப் பிறகுதான் மற்றவர் பேசலாம். எழுபதுகளின் கடைசியில் மலேசியாவில் எங்கள் பேராக் மாநிலம் முழுக்கச் சலித்தாலும் இந்தப் பைத்தியம் பிடித்தவர்கள் ஒரு பஸ்ஸை நிரப்ப மாட்டார்கள். அந்த ஒரு பஸ் ஆட்களை நம்பித்தான் மாமா சுரங்கத்தில் பார்த்துக்கொண்டிருந்த மின்சார வேலையை விட்டுவிட்டு வீட்டு முன்னறையில் கடை திறந்தார். அவரை நம்பி நானும் தொழிற்சாலை வேலையை விட்டுவிட்டுக் கடையில் போய் உட்கார்ந்தேன். ஈயம் பற்றவைப்பதில் எனக்குக் கை சுத்தம். புத்தி அவ்வளவு சுத்தம் இல்லை போலிருக்கிறது.

ஆள் ஒல்லி. சட்டைப் பையில் பேனா இருக்காது, திருப்புளி இருக்கும். தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு ஹாம்காரர்கள் எல்லாரும் பெட்டியில் கூடுவார்கள். அதற்கு முன்னால் மாமா முகம் கழுவி, தலை வாரி, திருநீறு பூசி, கழுத்துப் பொத்தானைப் போட்டுக்கொண்டு மைக்கின் முன்னால் உட்காருவார்.

"யாரு பார்க்கப் போறாங்கன்னு இவ்வளோ அலங்காரம் மாமா?" என்று கேட்பேன்.

"குரல்ல தெரியும் பாப்பா," என்பார். வீட்டில் எல்லாரும் என்னைக் கூப்பிடுவது அப்படித்தான்.

சரி, மனிதர் இத்தனை பேரோடு தினமும் பேசுகிறாரே, நாலு செட்டு விற்றிருக்கக்கூடாதா என்று கேட்பீர்கள். அங்கேதான் சனியன் உட்கார்ந்திருந்தது. இந்தப் பெட்டியில் மழை பேசலாம், உடம்பு சரியில்லாததைப் பேசலாம், மாமியார் வந்திருப்பதைக்கூடப் பேசலாம். வியாபாரம் மட்டும் பேசக்கூடாது. அது சட்டம். மற்றவர்கள் அதைப் பார்த்தும் பார்க்காததுபோல இருந்துகொள்வார்கள். பழைய மோட்டோவை விற்க நினைக்கிறவர், "என் வண்டி வீட்டுல சும்மாதான் நிக்குது" என்று ஒரு வார்த்தை போட்டுவைப்பார், மறுநாள் யாராவது வந்து ஓட்டிப்போவார்கள். மாமாவுக்கு அந்த நெளிவு சுளிவு எதுவும் ஆகாது. அவர் கணக்குப்படி அவருடைய செட்டை ஒருவர் நல்ல செட்டு என்று சொன்னால் அது விளம்பரம், விளம்பரம் என்றால் வியாபாரம், வியாபாரம் என்றால் குற்றம். அதே செட்டில் ஒரு குறை சொன்னால் அது தொழில்நுட்ப விளக்கம். அதற்காகத்தானே அரசாங்கம் உரிமமே கொடுத்திருக்கிறது என்பார்.

காம்பாரில் ஒரு வாத்தியார் இருந்தார். மாமாவின் செட்டு வாங்கியவர். ஒருநாள் பெட்டியில் சந்தோஷம் தாங்காமல், "அண்ணே, உங்க செட்டு இருக்கே, கடல் தாண்டி சபாவுல இருக்கறவன் என்னைக் கூப்பிட்டு என்ன செட்டு வெச்சிருக்கேன்னு கேக்குறான்ணே! அவ்வளோ சுத்தமா கேக்குதாம். ஓவர்," என்றார். நாடு முழுக்கக் கேட்டுக்கொண்டிருக்கிறது. காசு கொடுத்தாலும் கிடைக்காத வார்த்தை. மாமா முகம் சுருங்கிவிட்டது.

"வாத்தியார் சொன்னத யாரும் கணக்குல எடுத்துக்காதீங்க. அவரு வீட்டுக் கூரை உயரம். செட்டுக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல. ஓவர்," என்றார்.

அடுத்த வாரம் கமுந்திங்கில் பலகைக் கடை வைத்திருந்த சீனர் ஒரு குறை சொன்னார். மழை பெய்தால் மாமாவின் செட்டில் அலைவரிசை தானாக நகர்கிறது, பேசுகிறவரின் குரல் விலகிப்போகிறது, திருகிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது என்றார். அவர் ஊரில் மழை பெய்யாத நாள் எது? "அந்தப் பக்கம் கொஞ்சம் ஈரம் ஜாஸ்தி" என்று ஒரே வரியில் முடித்திருக்கலாம். மாமா நிமிர்ந்து உட்கார்ந்தார். எப்போது நகர்கிறது, எந்தப் பக்கம் நகர்கிறது, எவ்வளவு நகர்கிறது என்று மலாயில் விலாவாரியாக விசாரித்தார். பிறகு, "இதே செட்டு வெச்சிருக்கற மத்தவங்களும் பார்த்துச் சொல்லுங்க" என்று பொதுவாக ஒரு வேண்டுகோளும் விட்டார். அதுவரை டயலை ஏறெடுத்துப் பார்க்காதவர்கள்கூட அன்றைக்கு உற்றுப் பார்த்தார்கள். பார்த்தால் எந்த செட்டுதான் நகராது? ஒரு வாரம் முழுக்க மாமாவின் செட்டு எப்படியெல்லாம் நகர்கிறது என்பதே பேச்சு. எங்களுக்குப் போட்டியாக செட்டு விற்ற ஜப்பான்காரன் லட்சம் லட்சமாகச் செலவு செய்திருந்தாலும் தன் சரக்குக்கு இப்படி ஒரு விளம்பரம் தேடியிருக்க முடியாது.

கடைக்கு நேரில் வருகிறவர்களாவது வாங்கினார்களா? இந்த ஹாம்காரர்களைப் போல மோசமான வாடிக்கை உலகத்தில் கிடையாது. ரொட்டி வாங்க வருகிறவர் அடுப்படிக்குள் வந்து மாவைப் பிசைந்து பார்ப்பாரா? இவர்கள் பார்ப்பார்கள். வந்ததும் முதல் வேலையாக மூடியைக் கழற்றுவார்கள். உள்ளே எட்டிப் பார்ப்பார்கள். "ஓ, இவ்வளோதானா? இத நானே செஞ்சிருவேன் லா" என்பார்கள். சிகரெட் பெட்டியைக் கிழித்து அதன் பின்பக்கம் வரையத் தொடங்குவார்கள். மாமா கோபப்பட வேண்டுமா இல்லையா? "அந்தக் கம்பி அங்க வராது, இங்க வரும்" என்று அவர்கள் கையைப் பிடித்துத் திருத்துவார். சந்தேகம் தீராவிட்டால் இரண்டு கம்பிச்சுருளைச் சும்மாவே கொடுத்தனுப்புவார். அப்படியும் மனம் இரங்கி வாங்கிப்போன நாலைந்து பேர் மறுபடியும் வாங்க மாட்டார்கள், ஏனென்றால் செட்டு கெட்டுப்போகாது. தப்பித்தவறிக் கெட்டுப்போனால் நேராக வீட்டுக்கு வருவார்கள். மாமா ஓசியில் சரிசெய்து கொடுப்பார், அக்கா சோறு போடுவாள்.

இந்த லட்சணத்தில் கூடுகள் வந்து இறங்கின. செட்டுக்கு வெளிக்கூடு வேண்டுமே? தபால்பெட்டி செய்கிற ஒரு தகரப்பட்டறைத் தவுக்கேயிடம், அதாவது சீன முதலாளியிடம், மாமா பத்துப் பதினைந்து கூடு கேட்டார். "பத்துக்கெல்லாம் நான் கத்தரியையே கையில் எடுப்பதில்லை" என்று தவுக்கே சொல்லிவிட்டார். ஒரு பஸ் ஆட்களுக்கு ஒரு லோரி கூடு வந்து சேர்ந்தது. பாதியில் முன்பக்கம் கடிதம் போடுகிற ஓட்டையும் இருந்தது. பட்டறைக்காரர்கள் பழக்க தோஷத்தில் வெட்டிவிட்டார்கள். மாமா அசரவில்லை, டயல் பார்க்கிற ஜன்னல் அதுதான் என்று வைத்துக்கொண்டார். அக்கா வீட்டில் மிளகாய், அப்பளம், புளி எல்லாம் அன்றிலிருந்து ரேடியோக் கூட்டில்தான். யார் வீட்டு அடுக்களைக்குப் போனாலும் அக்கா கொடுத்த கூடு ஒன்று இருக்கும்.

அக்கா பொறுமைசாலி. ஆனாலும் பொறுமைக்கு ஒரு அளவு உண்டு அல்லவா? ஒருநாள் காலையில் பசியாறிக்கொண்டிருந்த மாமாவிடம் நிதானமாகச் சொன்னாள்.

"இங்க பாருங்க. தீபாவளிக்குள்ள பத்து செட்டு வித்தாகணும். இல்லன்னா கடைய மூடிருங்க. சுரங்கத்துல கரண்டு வேலைக்கு இன்னும் ஆள் தேடிக்கிட்டுத்தான் இருக்காங்க. பாப்பாவும் பாவம், பழையபடி ஃபேக்டரிக்கே போகட்டும்."

மாமா தோசையைப் பார்த்தபடியே தலையாட்டினார். கடை போய்விடும் என்றதும் அவர் முகம் என்னவோ போலாகிவிட்டது. மறுபடியும் அந்த நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு, மணியடித்தால் தண்ணி குடித்து, மணியடித்தால் எழுந்து, யார் செய்கிற சாமான் என்றே தெரியாமல் ஈயம் பற்றவைக்க என்னால் முடியாது. இங்கே நான் வைத்த ஒவ்வொரு ஈயப் பொட்டும் யார் வீட்டில் பேசுகிறது என்று எனக்குத் தெரியும்.

கடவுள் கண் திறந்தார் என்றுதான் நினைத்தேன். கோலா கங்சாரில் ஒரு டாக்டர் இருந்தார். ஹாம்காரர்கள் எல்லாருக்கும் மூத்தவர், அவர்களின் சங்கத்துக்கு அவர்தான் தலைவர். ஒரு சாயங்காலம் பெட்டியில் அவர் குரல் வந்தது.

"தம்பி, மழைக்காலம் வருது. பேராக் ஆறு ஏறுனா டெலிபோன் செத்துப்போயிருது. ஆத்தோரத்து ஊருகள்ல வெச்சிக்க சங்கத்துக்குப் பத்து செட்டு வேணும். எல்லாரும் கேட்டுக்கிட்டு இருக்காங்க, வெளிப்படையாவே சொல்லுங்க. மழை நேரத்துக்கு எது நல்லது? உங்க செட்டா, ஜப்பான் செட்டா? ஓவர்."

பத்து! சரியாகப் பத்து! நான் எழுந்து நின்று, 'உங்க செட்டு, உங்க செட்டு' என்று இரண்டு கையாலும் சைகை காட்டினேன். அக்கா கரண்டியோடு ஓடிவந்து வாசலில் நின்றாள். சொல்ல எத்தனை இருந்தது! விலை பாதி. லோரி பேட்டரியில் ஓடும். கெட்டுப்போனால் செய்தவர் பக்கத்து ஊரில் இருக்கிறார். மாமா எங்களைப் பார்த்தார், மைக்கைப் பார்த்தார், பட்டனை அமுக்கினார்.

"மழை நேரத்துக்கு ஜப்பான் செட்டுதான் டாக்டர். நகராது. ஓவர்."

"அப்ப உங்க செட்டு? ஓவர்."

"அதப் பத்தி நான் பேசக்கூடாது டாக்டர். ஓவர்."

கரண்டி தரையில் விழுந்த சத்தம் டாக்டருக்கும் கேட்டிருக்கும். எனக்கு வந்த ஆத்திரத்தில், "உங்க செட்டப் பத்திப் பேசக்கூடாது, ஜப்பான்காரன் செட்டப் பத்தி மட்டும் பேசலாமா?" என்று கத்தினேன்.

"அவன் செட்ட நான் விக்கலயே பாப்பா," என்றார் மாமா. அவருக்கு நிஜமாகவே புரியவில்லை, நான் ஏன் கத்துகிறேன் என்று.

மறுநாள் கம்பியைத் தாங்குகிற கயிறு தளர்ந்துவிட்டது என்று மாமா கூரைமேல் ஏறினார். மணி ஆறு. பெட்டியில் எல்லாரும் கூடிவிட்டார்கள். அக்கா ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்தாள், மாமாவின் நாற்காலியில் உட்கார்ந்தாள், மைக்கை எடுத்துப் பட்டனை அமுக்கினாள். உரிமம் இல்லாதவர் அதைத் தொடவே கூடாது. நான் தடுக்கவில்லை.

"எல்லாருக்கும் வணக்கம். நான் அவரு வீட்டுக்காரி பேசுறேன். ஜப்பான் செட்டு கெட்டுப்போனா ஜப்பானுக்கா தூக்கிக்கிட்டு ஓடுவீங்க? எங்க வீட்டுக்காரரு செட்டு கெட்டுப்போனா இங்கதான வந்து ஓசியில ரிப்பேர் பண்ணிக்கிறீங்க? என் கையால சோறும் தின்னுட்டுத்தான போறீங்க? தின்ன வாய்க்கு ஒரு நல்ல வார்த்தை வராதா? செட்டு நல்ல செட்டு. நான் சொல்றேன். அந்த மனுஷனுக்குச் சொல்ல வாய் இல்ல. வாங்குங்க லா! பத்து பேரு வாங்குனா கடை பொழச்சிக்கும். வாங்காதவன் இனிமே இந்த வீட்டுப் படி ஏறக்கூடாது, ஆமா!"

"ஓவர் சொல்லுக்கா," என்று கிசுகிசுத்தேன்.

"இரு, இன்னும் முடிக்கல," என்றாள். அதுவும் நாடு முழுக்கப் போனது.

மாமா கூரையில் இருந்ததால் தப்பித்தோம் என்று நினைத்தோம். ஆனால் மாமாவின் பெட்டியில் பேசினால் பக்கத்தில் அஞ்சடி நடைபாதையை ஒட்டி இருந்த சீனர் கோப்பிக் கடை டெலிவிஷனிலும் அந்தக் குரல் வந்துவிடும். கடைக்காரர் பல தடவை சண்டைக்கு வந்திருக்கிறார். அன்றைக்குச் செய்தி வாசிப்பவரின் வாய் அசைகிறது, வெளியே வருவது எங்கள் அக்காவின் குரல். கோப்பி குடித்துக்கொண்டிருந்தவர்கள் கை தட்டினார்கள். கூரைமேல் கயிற்றைப் பிடித்தபடி மாமா அதை முழுவதும் கேட்டிருக்கிறார்.

இறங்கி வந்தவர் திட்டவில்லை. அக்காவைப் பார்த்து, "என்ன காரியம் செஞ்சிட்ட?" என்று மட்டும் கேட்டார். மறுநாள் தைப்பூசத்துக்குப் போடுகிற வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, உரிமம் கொடுத்த அலுவலகத்துக்குத் தானே போனார். என் பெட்டியில் வியாபாரம் பேசப்பட்டது, எனக்குத் தண்டனை கொடுங்கள் என்று கேட்டிருக்கிறார். அங்கிருந்த மலாய் அதிகாரி முழுக் கதையையும் கேட்டுவிட்டு, "பேசியது உன் மனைவியா? என் வீட்டிலும் ஒருவர் இருக்கிறார். வீட்டுக்குப் போ" என்று அனுப்பிவிட்டாராம்.

"சட்டம் இருக்கு பாப்பா, நடத்தத்தான் ஆள் இல்ல," என்று மாமா இடிந்துபோய் உட்கார்ந்தார். அரசாங்கம் தண்டிக்காததால் தானே தண்டித்துக்கொள்வது என்று முடிவு செய்தார்.

அதற்கு வசதியாக ஆர்டர்களும் வரத் தொடங்கிவிட்டன. கமுந்திங் பலகைக் கடைக்காரர்கூட இன்னொன்று கேட்டு ஆள் அனுப்பினார். டாக்டரே காரை எடுத்துக்கொண்டு நேரில் வந்துவிட்டார்.

"நகர்ந்தா நகர்ந்துட்டுப் போகட்டும் தம்பி. பத்து செட்டு கொடுங்க."

"மன்னிச்சிருங்க டாக்டர். இது மைக்குல பேசி வந்த ஆர்டர். எடுக்க முடியாது."

"அட, அவங்க வெலைகூட சொல்லலயே!"

"வாங்குங்கன்னு சொல்லிட்டாளே டாக்டர். பொய் சொல்லாம இருக்கறது மட்டும் போதாது, சட்டத்தையும் பார்க்கணும்."

அக்கா உள்ளே பாத்திரங்களை உருட்டிக்கொண்டிருந்தாள். டாக்டர் மோவாயைத் தடவியபடி யோசித்தார். நல்ல மனிதர், எப்படியாவது உதவ வேண்டும் என்று நினைத்தார். அந்த நல்ல மனம்தான் எங்களைக் கவிழ்த்தது.

"சரி, விக்க வேணாம். சொல்லிக் கொடுக்கலாம்ல? சாமானுக்கு உண்டான காசக் கொடுத்துர்றோம். நாங்களே வந்து செஞ்சிக்கிறோம்."

மாமாவின் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். "அது தாராளமா செய்யலாம் டாக்டர்! அதுல ஒரு தப்பும் இல்ல! ஞாயித்துக்கெழமையே வாங்க!"

நான் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

வந்தார்கள். பத்துப் பேர் என்றது இருபதாகிவிட்டது. கேள்விப்பட்டவர்கள் எல்லாம் வந்து இறங்கினார்கள். அஞ்சடி வரைக்கும் மேசை போட்டோம். காம்பார் வாத்தியார் பள்ளிக்கூடப் பிள்ளைபோல நோட்டில் எழுதினார். டாக்டர் விரலைச் சுட்டுக்கொண்டார், ஊசி போடுகிற கைக்கு ஈயக்கம்பி வசப்படவில்லை. நான் ஒவ்வொருவர் பின்னாலும் நின்று, "அது பொட்டு இல்ல சார், கட்டி" என்று அதட்டிக்கொண்டிருந்தேன். மாமா அன்றைக்கு ஆடாத குறைதான். அதுவரை யாருக்கும் முழுசாகச் சொல்லாத நுணுக்கங்களையெல்லாம் அவிழ்த்துக் கொட்டினார். வாங்காதவன் படி ஏறக்கூடாது என்று சொன்ன அக்கா, வாங்காத இருபது பேருக்கும் ஆட்டுக்கறிக் குழம்பு வைத்துப் பரிமாறினாள். சாயங்காலம் எல்லாரும் சந்தோஷமாகக் கூட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போனார்கள். செட்டுகள் எல்லாம் வேலை செய்தன, அதையும் சொல்ல வேண்டும். அந்த மழைக்காலத்தில் ஆறு ஏறியபோது அவைதான் பேசின.

ஆனால் பேராக்கில் மாமாவிடம் வாங்கக்கூடியவர்கள் எல்லாருக்கும் அன்றோடு செய்யவே தெரிந்துவிட்டது. ஒரே ஞாயிற்றுக்கிழமையில் வாடிக்கை முழுவதும் முடிந்தது.

தீபாவளிக்கு முதல் நாள் மாமாதான் பேச்சை எடுத்தார். "பத்துக்கு மேலயே போச்சு. ஆனா ஒன்னுகூட விக்கல. நீ சொன்னது சொன்னதுதான்." அக்கா அவருக்காகப் பேச வாயைத் திறந்தாள், அவர் விடவில்லை. கடைப் பலகையைத் தானே கழற்றினார். நான் அழுதேன். அவர் பக்கத்தில் வந்து நின்றுகொண்டார். தீபாவளி முடிந்து அவர் சுரங்கத்துக்குப் போனார், நான் நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு ஃபேக்டரி பஸ் ஏறினேன்.

சில மாதம் கழித்து ஒரு சாயங்காலம் நான் அக்கா வீட்டில் இருந்தேன். மாமா வழக்கம்போலப் பெட்டியின் முன்னால் இருந்தார். புதிதாக ஒரு இளவட்டக் குரல், உரிமம் எடுத்து ஒரு வாரம்கூட ஆகியிருக்காது.

"அண்ணே, ஈப்போவுல யாரோ முன்னெல்லாம் செட்டு செஞ்சாங்களாமே, உங்களுக்குத் தெரியுமா? அது நல்ல செட்டாண்ணே? ஓவர்."

நானும் அக்காவும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். மாமா நெடுநேரம் பட்டனைத் தொடவில்லை. விற்க ஒன்றும் இல்லை, கடை இல்லை, அது வியாபாரம் இல்லை என்று மனதுக்குள் எல்லாப் பக்கமும் சரிபார்த்திருப்பார். பிறகு அமுக்கினார்.

"நல்ல செட்டு தம்பி. நான்தான் செஞ்சேன். ரொம்ப நல்ல செட்டு. ஜப்பான் செட்டோட பக்கத்துல வெச்சுக் கேட்டாலும் இதுல குரல் தனியா தெரியும். மழை பெஞ்சா கொஞ்சம் நகரும், அதனால என்ன, நாமளும் கூடவே நகர்ந்துக்க வேண்டியதுதான். அந்த மாதிரி ஒரு செட்டு இனி வராது. ஓவர்."

"எங்கண்ணே கெடைக்கும்? ஓவர்."

"கெடைக்காது தம்பி! கடைய மூடியாச்சு! ஓவர்!" அப்படி ஒரு சந்தோஷத்தோடு யாரும் அந்தச் செய்தியைச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

அக்கா இப்போது வெடிக்கப் போகிறாள் என்று நான் நகர்ந்துகொண்டேன். அவள் ஒரு முக்காலியை இழுத்து மாமாவின் பக்கத்தில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

"என்னங்க, அந்தப் பையனுக்குச் சரியா கேட்டிருக்காது. முதல்ல சொன்னத இன்னொரு தடவ சொல்லுங்க," என்றாள்.

மாமா பட்டனை அமுக்கி, மறுபடியும் முதலிலிருந்து சொன்னார்.